அடக்கிய நீரே ஒளி தரும்

யோகம் என்னும் சொல் இந்நாளில் எங்கும் ஒலிக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்பெற்று வருகின்றது. அன்று பள்ளி மைதானங்களிலும் அலுவலக முற்றங்களிலும் மக்கள் பாய் விரித்து, வரிசையாக அமர்ந்து, உடலை வளைக்கும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். நல்ல காட்சிதான். ஆயினும் பள்ளிவாசல் மலைச்சரிவிலே வாழும் நம் தாய்மார் ஒருவர் அதனைக் கண்டால் என்ன எண்ணுவார்? விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, பகல் முழுவதும் சரிவில் நின்று கொழுந்தெடுத்து, சுமையோடு திரும்பும் அவருக்கு, வளைப்பதற்கு உடலில் இன்னும் என்ன மிச்சம் இருக்கின்றது? "இஃது ஓய்வுள்ளவர்களுக்கு உரியது, நமக்கு உரியதன்று" என்றே அவர் எண்ணுவார்.

அவ்வாறு எண்ணுவது அவர் குற்றமன்று. யோகத்தின் மூன்றாம் படியை மட்டும் காட்டி, முதல் இரண்டு படிகளை மறைத்தவர்களின் குற்றம் அது. அம்மறைந்த படிகள் எவை, அவை நம் போன்ற குடியேறிய குடும்பங்களுக்கு எவ்வாறு உரியவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டு உறுப்புக்கள்

பதஞ்சலி முனிவர் இயற்றியதாகக் கூறப்பெறும் யோக சூத்திரம் மிகச் சிறிய நூல். நான்கு பாதங்கள், சூத்திரங்கள் ஏறக்குறைய 195. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என யோகத்திற்கு எட்டு உறுப்புக்களை அது வகுக்கின்றது. இந்நூல் முழுவதிலும் ஆசனத்திற்கென அமைந்த சூத்திரங்கள் மூன்றே என்று கூறினால் அன்பர்கள் வியப்படையக்கூடும். அவையும் உடல் அசையாமலும் வருந்தாமலும் அமர்ந்திருக்கும் நிலையையே பேசுகின்றன. பல ஆசனங்களின் விரிவெல்லாம் பிற்கால ஹடயோக நூல்களில் வளர்ந்தது. பதஞ்சலியார் முதலில் வைத்தது ஒழுக்கம்; முடிவில் வைத்தது தியானம். உடல் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பாலம்.

தமிழராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. பதஞ்சலியார் தில்லையில் வியாக்கிரபாத முனிவரோடு கூத்தப் பெருமானின் ஆடலைக் கண்டார் என்பது நம் கோயில் மரபு. பன்னிரு திருமுறைகளில் பத்தாவதாகிய திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரத்திலே, திருமூலரும் இவ்வெட்டு உறுப்புக்களை விரித்துரைக்கின்றார். ஆனால் அவர் இயமத்தை ஐந்தோடு நிறுத்தவில்லை. கொலை, பொய், களவு ஆகியவற்றை விலக்குவதோடு, நடுநிலை பிறழாதிருத்தல், கிடைத்த உணவைப் பகிர்ந்துண்ணல், கள்ளை நாடாதிருத்தல் ஆகியவற்றையும் சேர்த்துப் பத்தாக்குகின்றார். தனித்திருக்கும் துறவிக்கு மட்டும் உரைப்பதாயின் பகிர்ந்துண்ணல் எதற்கு? அக்கம் பக்கம் உள்ள வாழ்க்கையை எண்ணியன்றோ அது கூறப்பட்டிருத்தல் வேண்டும்!

பள்ளிவாசல் கற்பிக்கும் பாடம்

மனத்தின் அலைகளை நிரோதம் செய்தலே யோகம் என்பது பதஞ்சலியார் கொள்கை. நிரோதம் என்றால் அடக்குதல். இச்சொல்லைக் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். மனத்தைக் கொன்றுவிட வேண்டுமோ, ஆசையற்ற கல்லாகிவிட வேண்டுமோ என மலைக்கின்றனர். அவர்களுக்கு விடை கூற வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. நம் பள்ளிவாசலே விடை கூறும்.

முதிரப்புழை ஆறு 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கரை புரண்டு வந்ததை நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் நமக்கு அவ்வெள்ளத்தின் கதையில் ஒரு தனி வருத்தம் உண்டு. இன்று இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் அன்று ஒரு சிறு இரயில் ஓடிற்று. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பெற்ற அந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே தேயிலையைச் சுமந்து சென்றது. அங்கிருந்து கம்பிவழித் தொட்டிகளில் அத்தேயிலை கீழே இறங்கிப் போடிநாயக்கனூருக்குச் சென்றது. அந்தப் பாதையை 1924 வெள்ளம் அழித்தது. மீண்டும் அது அமைக்கப்படவே இல்லை.

அதே ஆற்று நீரைத்தான் பின்னர் மூணாற்றிலே தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கவழி செலுத்தி, பெருங்குழாய்களில் இறக்கிப் பள்ளிவாசலில் மின்சாரம் எடுத்தனர். 1940ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நிலையமே இன்றைய கேரள நாட்டின் முதல் நீர்மின் நிலையம். பின்னர் விரிவுபெற்ற அதன் திறன் 37.5 மெகாவாட். கட்டற்று ஓடியபோது பாலத்தையும் பாதையையும் வாரிச் சென்ற நீர், கட்டுக்குள் வந்தபோது வீடுதோறும் விளக்கேற்றிற்று. அந்த நீரை எவரும் கொல்லவில்லை. வற்றச் செய்யவும் இல்லை. வழி வகுத்தனர், அவ்வளவே. நிரோதம் என்பதும் அதுவே. சினமும் ஆசையும் நம்மிடம் உள்ள ஆற்றலே. அவற்றுக்கு வழி வகுப்பது இயமம்.

இயமம் ஐந்து

இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, புலனொழுக்கம், பொருள் குவியாமை ஆகிய ஐந்தும் பதஞ்சலியார் கூறும் இயமங்கள். இவற்றுள் முதல் மூன்றும் திருக்குறளில் தனித்தனி அதிகாரங்களாகவே நிற்கின்றன. ஐந்தாவதற்கு நெருங்கிய உறவாக வெஃகாமை என்னும் அதிகாரம் உண்டு. ஆகவே, இவை எங்கிருந்தோ வந்த சரக்கு அல்ல.

இவ்வைந்திற்கும் பதஞ்சலியார் ஒரு நிபந்தனை விதிக்கின்றார். பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்னும் நான்கினாலும் வரம்பு கட்டப்படாது காக்கப்பெறும்போதுதான் இவை மகாவிரதம் ஆகும் என்கின்றார். இடம் என்று அவர் கூறியதைக் குடியேறியவர்களாகிய நாம் உற்று நோக்க வேண்டும். "ஊரிலே இருந்தால் இப்படிச் செய்வேனா? பிழைக்க வந்த இடத்திலே எல்லாம் பார்க்க முடியுமா?" என்ற பேச்சை நாம் கேட்டதில்லையா? பிறந்த ஊரில் ஓர் ஒழுக்கம், பிழைக்கும் ஊரில் ஓர் ஒழுக்கம் என்பது ஒழுக்கமன்று. ஊராருக்கு அஞ்சும் அச்சம் மட்டுமே. சொந்தங்கள் பார்க்காத இடத்திலும் மாறாதிருப்பது எதுவோ அதுவே நம்முடைய உண்மையான இயல்பு.

பிறப்பு என்பதும் அவ்வாறே. நம் லயங்களில் கோயிலுக்குச் செல்வோரும், மாதா கோயிலுக்குச் செல்வோரும், தொழுகைக்குச் செல்வோரும் அடுத்தடுத்த சுவரில் வாழ்கின்றனர். நம் ஊரின் பெயரே தொழுகைக்குரிய இடத்தின் பெயர்தானே! இவ்வைந்து இயமங்களில் எதனை எந்தச் சமயத்தார் மறுப்பர்?

இன்னா செய்யாமை என்பது கொல்லாதிருப்பதோடு முடிவதன்று. ஒரு தீங்கைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் பதஞ்சலியார் ஒரே வரிசையில் வைக்கின்றார். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவன் முதல்வகை. அவனுக்குக் கடன் சொல்லிச் சாராயம் வாங்கிக் கொடுத்தவன் இரண்டாம் வகை. சுவருக்கு இப்பால் இருந்து எல்லாம் கேட்டும், "அது அவர்கள் வீட்டுச் சங்கதி" என்று உறங்கியவன் மூன்றாம் வகை. இம்மூவரில் ஒருவராகவும் நாம் என்றும் இருந்ததில்லை என்று மார்தட்டக் கூடியவர் எத்தனை பேர்?

வாய்மைக்கும் வியாசர் தம் உரையில் ஓர் அளவுகோல் கூறுகின்றார். உயிர்களுக்கு நன்மை பயக்கவே சொல் பிறக்க வேண்டும்; பிறரைக் கெடுக்கச் சொல்லப்பட்ட உண்மை, உண்மைபோல் தோன்றினும் உண்மையாகாது என்பது அவர் கருத்து. தண்ணீர்க் குழாயடியில் பரவும் செய்திகளை இத்தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

ஏழைக்கு ஏன் இந்த உபதேசம்?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. பொருள் குவியாமை என்கிறீர்களே, குவிக்க எங்களிடம் என்ன இருக்கின்றது? வேலை உள்ளவரை லயத்தில் இடம். ஓய்வு பெற்றால் அந்த வீடும் இல்லை. இத்தகையவரிடம் சென்று, ஆசையை அடக்கு, கிடைத்ததில் திருப்தி கொள் என்று போதிப்பது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகாதா?

நேர்மையான கேள்வி இது. இதற்கு மழுப்பலான விடை கூறக் கூடாது. இயமம் வாங்குவோருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று, கொடுப்போருக்கும் விதிக்கப்பட்டது. பிறருக்கு உரியதைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதே களவு என்றால், உழைத்தவனுக்கு உரிய கூலியை நிறுத்துவதும் களவே. தேவைக்கு மேல் திரட்டுவது குற்றமென்றால், அக்குற்றம் முதலில் சாரவேண்டிய இடம் லயத்தின் இரண்டு அறைகள் அல்ல. நியமங்களுள் ஒன்றாகிய சந்தோஷம், அதாவது உள்ளது கொண்டு மனநிறைவு எய்துதல், தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டிய விரதம். பசித்தவனுக்குப் பிறர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டன்று அது.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலாவது உலக யோக நாள் கொண்டாடப்பெற்று மூன்று திங்கள்கூட ஆகாத நேரம் அது. போனஸ் நூற்றுக்கு 20லிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்தும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்க வேண்டியும், தோட்டங்களிலிருந்து நம் பெண்மக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல் கட்சியாரையும் விலக்கிவைத்து, பெண்கள் ஒற்றுமை என்ற பெயரிலே ஒன்பது நாட்கள் உறுதியோடு நின்றனர். போனஸும் கருணைத்தொகையும் சேர்ந்து நூற்றுக்கு 20 கிடைத்தது. பின்னர் நாட்கூலி 301 ரூபாயாயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. கேட்காமலிருந்தால் 301உம் கிடைத்திராது.

இஃது யோகத்திற்கு முரணா? இல்லை என்பதே நம் துணிபு. கையில் ஆயுதம் ஏந்தாமை இன்னா செய்யாமை. உள்ள நிலையை மறைக்காமல் உரைத்தது வாய்மை. தமக்கு உரியதை மட்டும் கேட்டது கள்ளாமை. ஒன்பது நாட்களும் வெயிலையும் மழையையும் பொறுத்தது தவம். அவர்களில் பலர் யோகம் என்ற சொல்லையே எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் பாயிலமர்ந்து உடலை வளைத்துவிட்டு, அன்று மாலையே அடுத்தவன் கூலியில் கை வைப்பவனைக் காட்டிலும் அவர்கள் யோகத்திற்கு அண்மையில் இருந்தனர்.

நியமம் ஐந்து

தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், இறைவனிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் நியமங்கள். இயமம் நாம் பிறரோடு நடந்துகொள்ளும் முறை. நியமம் நாம் நம்மோடு நடந்துகொள்ளும் முறை. இவற்றுள் ஓதுதல் என்பதை மட்டும் இங்கு வற்புறுத்துவோம். மலையாளப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவரவர் சமயத்து நன்னூல் ஒன்றையோ, திருக்குறளையோ நாள்தோறும் கால்மணி நேரம் குழந்தையைப் படிக்கச் சொல்லிப் பெரியவர்கள் கேட்பார்களாயின், மொழியும் நிலைக்கும், நியமமும் நிறைவேறும்.

மனம் தெளியும் வழி

ஒழுக்கத்திற்கும் தியானத்திற்கும் என்ன தொடர்பு? ஒழுக்கம் இன்றியே கண்ணை மூடி அமர்ந்தால் ஆகாதா? அமர்ந்து பார்க்கட்டும். பகலில் சொன்ன பொய்யும், எறிந்த சுடுசொல்லும், பொறாமையும் வரிசையாக வந்து கதவைத் தட்டும். இதனை அறிந்தே பதஞ்சலியார் மனம் தெளிய நான்கு பழக்கங்களைக் கூறினார். இன்பமுற்றோரிடம் நட்பு, துன்பமுற்றோரிடம் இரக்கம், நன்மை செய்வோரிடம் உவகை, தீமை செய்வோரிடம் பகையின்மை.

இவற்றில் இரக்கம் நமக்கு எளிது. அடுத்த வீட்டில் ஒரு சாவு என்றால் லயமே திரண்டு நிற்கும். கடினமானது முதலாவதே. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது என்ற செய்தி வரும்போது நம் மனம் நட்பாக மலர்கின்றதா, சுருங்குகின்றதா? அந்த நொடியே நம் யோகத்தின் பரீட்சை. நான்காவதை மட்டும் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. தீமையைக் கண்டும் வாளா இருத்தல் அதன் பொருளன்று. தீமையைத் தடுக்கும்போதும் தீயவன்பால் நஞ்சு கொள்ளாதிருத்தலே அதன் பயன்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இரண்டு அறைகளில் ஆறு பேர் வாழும் வீட்டில் தனிமை எங்கே என்பர். விடியற்காலையில் மற்றவர் எழுமுன் பத்து நிமிடம் போதும். முதுகை நிமிர்த்தி, சுவரருகிலோ பலகையிலோ வருத்தமின்றி அமர்க. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக விடுக. மூச்சு மெதுவானால் இதயத் துடிப்பும் தணிகின்றது என்று மருத்துவ நூலாரும் ஒப்புகின்றனர். மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சியை மட்டும் தக்க ஆசிரியரின்றிச் செய்யலாகாது. இதயநோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அதனை அறவே தவிர்க்க. பொறிகளை உள்ளிழுப்பது பிரத்தியாகாரம். இந்நாளில் அதன் முதற்பாடம், அந்தப் பத்து நிமிடமாவது கைப்பேசியை அணைத்து வைத்தலே.

பின்னர் தாரணை: மனத்தை ஒன்றில் நிறுத்துதல். இதனை நம் தொழிலிலிருந்து விளக்கலாம். ஒற்றை வழிப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாதிருக்கப் பழைய நாளில் டோக்கன் முறை ஒன்று இருந்தது. அந்த டோக்கனைக் கையில் பெறாமல் ஓட்டுநர் நிலையத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு பிரிவில் ஒரு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு வண்டி. மூச்சோ, இறைவன் திருநாமமோ, விளக்கின் சுடரோ, ஒன்றினிடம் மட்டும் டோக்கனைக் கொடுங்கள். வேறு எண்ணம் வந்து நின்றால் சினவாது, "காத்திரு" என்று நிறுத்தி, முதலில் கொடுத்ததற்கே வழி விடுங்கள். இடையறாது அவ்வொன்றே ஓடுமாயின் அது தியானம். ஓடுவதும் ஓட்டுவதும் வேறென்ற நினைவும் மறையுமாயின் அது சமாதி. அந்நிலையை நூலோர் லயம் என்றும் கூறுவர். நாம் குடியிருக்கும் இடத்திற்கும் லயம் என்றே பெயர் வந்தது தற்செயல்தான். ஆயினும் நினைவிற் கொள்ளத் தக்க தற்செயல்.

நம்மவரிடையே உழைத்த ஒருவர்

இவையெல்லாம் வாழ்க்கையில் ஒன்றுபட்டதற்குச் சான்றாகப் புலம்பெயர் தமிழரோடு வாழ்ந்த ஒருவரைக் காட்டலாம். பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் 1887இல் பிறந்தார் குப்புசாமி. மருத்துவம் கற்று, 1913இல் கப்பலேறி மலாயா நாடு சென்றார். சிரம்பான் அருகே இரப்பர்த் தோட்ட மருத்துவமனையில், பிழைப்புத் தேடிச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளரின் நோய் தீர்க்கும் பணியில் அமர்ந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1923இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். யோகத்தைப் பற்றியும் பிற பொருள்களைப் பற்றியும் இருநூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி, 1963இல் மறைந்தார்.

துறவு பூண்ட பின்னரும் அவர் மருந்துப் பெட்டியைக் கைவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. கங்கைக் கரையில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். தொண்டினால் நெஞ்சு தூய்மையடைந்த பின்னரே தியானம் கைகூடும் என்பதை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். உலகம் அவரை இமயமலை முனிவர் என்று போற்றுகின்றது. ஆனால் அம்முனிவர் தொண்டு பழகிய இடங்களுள் ஒன்று, நம் லயங்களைப் போன்ற வீடுகள் சூழ்ந்த ஒரு தோட்டமே.

செய்யத் தக்கது

நீண்ட காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு செய்த பயிற்சியே வேரூன்றும் என்பது பதஞ்சலியார் முடிபு. ஆகவே பத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இத்திங்கள் ஓர் இயமம் எடுத்துக்கொள்வோம். ஒரு வீடு, "இம்மாதம் எங்கள் வீட்டில் சுடுசொல் இல்லை" என்று உறுதி கொள்ளட்டும். மற்றொரு வீடு, "சம்பள நாளில் சாராயக் கடைக்குச் செல்வதில்லை" என்று உறுதி கொள்ளட்டும். இன்னொரு வீடு, தனியே வாழும் முதியவருக்கு ஒருவேளைச் சோறு பகிரட்டும். அதனோடு விடியற்காலைப் பத்து நிமிடம். திங்கள் முடிவில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாயமர்ந்து கணக்குப் பார்க்கட்டும். தவறிய நாட்களுக்கு வருந்த வேண்டா. காத்த நாட்களை எண்ணுக.

முதிரப்புழை ஒரு நாளில் அடங்கவில்லை. வெள்ளம் வந்த 1924க்கும் விளக்கெரிந்த 1940க்கும் இடையே பதினாறு ஆண்டுகள். மனம் அதனினும் வேகமான ஆறு. பொறுமையோடு கரை கட்டுவோம். நம் வீடுகளில் ஒளி உண்டாகும், ஐயமில்லை.